மாடியறைக்காரனிடம் கேட்ட ஒன்பதாவது கேள்வி

உங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவனைக் கூப்பிட்டு, “கீழ்வீட்டுக்காரர் யாரையாவது வெறுக்கிறாரா?” என்று அரசாங்கம் கேட்டால், அவன் என்ன சொல்வான் என்று யோசித்திருக்கிறீர்களா?

என்னைக் கேட்டார்கள். பிழைக்க வந்த ஊரில் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவன் நான். கீழே வீட்டுக்காரரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் மட்டும். அவர் வங்கிக் காவலர். உரிமத்தோடு சொந்தத் துப்பாக்கி இருந்ததால் கிடைத்த வேலை அது. உரிமம் போனால் வேலையும் போய்விடும்.

புதுச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி வீட்டுக்கே வந்து, அங்கே குடியிருப்பவர்களைத் தனித்தனியாக விசாரிப்பார். கேள்வித்தாள் முன்னாலேயே வந்துவிட்டது. அதிகாரி வரவிருந்த சனிக்கிழமை மதியம், கீழே மூவரும் சாப்பிட்டபடியே அதைப் படித்தோம்.

“துப்பாக்கிப் பெட்டிச் சாவி இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியணுமாம்,” என்றார் வீட்டுக்காரர்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா,” என்றார் அக்கா. “சர்க்கரை டப்பாவுல இருக்குன்னு மட்டும்தான் தெரியும்.”

“இதை அப்படியே அதிகாரிகிட்ட சொல்லி என் சோத்துல மண்ணைப் போடு. கண்ணை மூடுங்க ரெண்டு பேரும்!”

மூடிக்கொண்டோம். டப்பா திறந்தது. ஏதோ இழுபட்டது.

“பரண்ல வெக்காதீங்க,” என்றார் அக்கா. “ஏணி சத்தம் கேக்குது.”

மூவரும் சிரித்தோம். சிரித்தபடியே வீட்டுக்காரர் ஒன்பதாவது கேள்வியைப் படித்தார். ஏதாவது ஒரு பிரிவு மக்களைத் தாக்க வேண்டும் என்று இவர் பேசி நீங்கள் கேட்டதுண்டா? “இது நமக்கில்ல,” என்று தாளைத் திருப்பினார்.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்துக்கு முன் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள், வாசலில் நின்று அவர் கத்தினார்: “வெளியூர்க்காரனுங்க வந்து குவியுறானுங்க! வரிசையா நிக்க வெச்சுச் சுட்டாத்தான் இந்த ஊரு உருப்படும்!” திரும்பியபோது படியில் என்னைப் பார்த்தார். “உன்னை இல்ல தம்பி,” என்று சொல்லி, தன் வாளித் தண்ணீரில் பாதியை எனக்கு ஊற்றினார்.

கத்தியவர் நிஜமா, தண்ணீர் ஊற்றியவர் நிஜமா? எட்டு மாதமாக எனக்கு இதே யோசனைதான். கேட்டுவிட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு சுடணும்னு சொன்னீங்களே, நெஜமாவா சொன்னீங்க?”

“எப்படா சொன்னேன்?”

சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை. “அட, வாய்க்கு வந்ததைப் பேசுறதுதான். எல்லாரும் பேசுறாங்க,” என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “இதை மனசுல வெச்சுக்கிட்டா இத்தனை நாள் எங்கூட உக்காந்து சாப்பிட்டே?”

“பசிச்சுது அண்ணே.”

அக்கா எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான்கு மணிக்கு அதிகாரி வந்தார். என்னைவிடச் சில வயது மூத்த பெண். துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்தார், கீழே இருவரையும் விசாரித்தார். பிறகு மாடிக்கு வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எட்டு வரைக்கும் தடங்கல் இல்லை. ஒன்பதில் நின்றேன்.

“ஆமான்னு சொன்னா அவர் வேலை போயிடுமா மேடம்?”

“அதை முடிவு பண்றது நான் இல்ல. கேட்டீங்களா, இல்லையா?”

“கேட்டேன். ஒரு தடவை. ஆனா நல்ல மனுஷன். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதையும் எழுதுங்க.”

“எழுதுறேன். அவர் அப்படிச் சொன்னப்ப பயந்தீங்களா?”

பயந்தேனா? அதுவரை என்னையே நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

“தெரியல மேடம். ஆனா அன்னைக்கிலேர்ந்துதான் கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்குறேன்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். விசாரணை முடியும்வரை என்று ரசீது எழுதிக் கொடுத்து, துப்பாக்கியையும் பதினாறு தோட்டாக்களையும் எடுத்துப் போனார்கள். பத்து மணிக்கு அக்கா மாடிக்கு வந்து, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்.