சாயம் போகாத நகம்

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக மஞ்சள் சாயம்தான், கல்யாணப் புடவை நூலுக்கு. அப்பா கொதிக்கிற அண்டாவில் பட்டு நூலை முக்கி எடுப்பார். நான் பிழிந்து கொடியில் போடுவேன். இரண்டு பேருக்கும் முழங்கை வரை மஞ்சள். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா மங்கை, நலங்கு வெச்ச பொண்ணாட்டம் நிக்கற? மாப்பிள்ள எங்கடி?"

"அண்டாவுல வேவறாரு அத்தை."

அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. மறுநாளிலிருந்து சோறு கொதிக்கிற வாசனையே குமட்டியது. சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் கை வெளுத்தது, நகம் வெளுக்கவில்லை. கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். கண்ணுக்கு யாரும் சாயம் போடுவதில்லை.

போன வருஷம் அம்மாவுக்கும் இப்படித்தான். அப்போதும் மஞ்சள்தான் ஓடிக்கொண்டிருந்தது. "சாயம்டி, கழுவுனா பூடும்" என்றார் அப்பா. காமாலை என்று தெரிந்து அவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தபோது அம்மாவால் விழுங்க முடியவில்லை. அதன்பிறகு ஒரு வருஷம் அவர் மஞ்சளைத் தொடவில்லை. என்னிடமும் வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. பிழி. காயப்போடு. அவ்வளவுதான். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்?

இன்று விடியற்காலையில் நூல் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஓரிக்கைக்கு நடந்தேன். அங்கே பொன்னியம்மாள் காமாலைக்கு மருந்து கொடுப்பாள்.

"யாருக்குடி?"

"எங்க அப்பாவுக்கு."

என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"இது ஒங்க அப்பா கண்ணா?"

அவள் வரப்பிலிருந்து ஒரு பிடி செடியை வேரோடு பிடுங்கி, இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் கடுகு கடுகாகக் காய் தொங்கியது.

"வெறும் வயித்துல, மோர்ல கலக்கிக் குடி. உப்பு ஆவாது, எண்ணெ ஆவாது. ஆனா நீ அரைக்காத. நோவாளி கையால அரைச்சா எடுபடாது. ஊட்டுல ஒருத்தர் அரைக்கணும்."

"ஊட்டுல யாரும் இல்ல பெரிம்மா."

"இப்பதான் அப்பான்ன?"

செடியை ஈரத்துணியில் சுற்றி அண்டாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ராத்திரி அப்பா தூங்கியதும் நானே அம்மியில் வைத்தேன். எவ்வளவு மெதுவாக இழுத்தும் கல் சத்தம் போட்டது. அப்பா எழுந்து வந்தார்.

"இந்நேரத்துல இன்னா அரைக்கற?"

"தொவையல்பா."

விளக்கைத் தூக்கினார். ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தொட்டியடிக்கு இழுத்துப்போய், சவுக்காரமும் தேங்காய் நாருமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"சாயம்தான்," என்றார். "சாயம்தாம்மா."

ஒவ்வொரு நகமாகத் தேய்த்தார். எரிந்தது. நான் கையை இழுக்கவில்லை. அம்மா போனபிறகு யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

பத்தாவது நகத்தோடு நிறுத்தினார்.

"எப்பலேந்து?"

"பத்து நாளாப்பா."

"ஏன் சொல்லல?"

"நீதான் பேசவே மாட்டியே."

நான் அரைத்ததை வழித்து எறிந்தார். அடுக்களைக்குள் போய் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"விளக்கு வெச்ச பொறவு யாராச்சும் உப்பு குடுப்பாங்களா, கோதண்டபாணி?" அத்தையின் தூக்கக் குரல்.

"பொண்ணுக்குக் காமாலக்கா," என்றார் அப்பா. "எங்க ஊட்டுல உப்பு வாணாம். விடிஞ்சதும் மருந்து குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கும் இட்டுக்கினு போறேன். நீயும் கூட வாக்கா."

இப்போது மீதிச் செடியை அவர்தான் அரைத்துக்கொண்டிருக்கிறார். நான் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மாவால் விழுங்க முடியாமல் போனதே நினைவுக்கு வருகிறது. அவ்வப்போது எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன். இறங்குகிறது.

செடி எப்போதோ விழுதாகியிருக்கும். அப்பா இன்னும் நிறுத்தவில்லை.