வண்டியில் ஒரு கன்று

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில், லாரிகள் நின்று போகும் ஒரு கடையில் பல வருடமாகச் சமைக்கிறேன். மாடு ஏற்றிப் போகிறவர்கள்தான் வாடிக்கை. லாரி வராத காலத்தில் மாதக்கணக்காக மாடுகளை நடத்தியே கொண்டுபோனார்களே, வழியில் பிறந்த கன்றுகளை என்ன செய்தார்கள் என்று ஒருவன் கேட்டான். பக்கத்து மேசைக் கிழவர், "காலைல சுட்டுட்டுக் கிளம்புவாங்க" என்று சொல்லிவிட்டு உப்பு டப்பாவை வாங்கிக்கொண்டார். அவருக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. மத்தியானக் கூட்டம் போய் சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் எழுதுகிறேன். கால் வலிக்கிறது. நடை அழகாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரி: "செம்மண் வெளி வானம் வரை விரிந்து கிடந்த அந்தப் பொன்னிற அதிகாலையில்—"

வேண்டாம். அந்தப் புழுதியை மூக்கில் வாங்கியவர்கள் இப்படி எழுதமாட்டார்கள்.

"ஹோஸ்கின் இரக்கமே இல்லாதவன்—" இதுவும் பொய். ஹோஸ்கின் மாடு ஓட்டுகிறவன். டெலனி என்பவன் தலைமையில், வடக்கே யாரோ புதிதாகப் பிடித்த மேய்ச்சல் நிலத்துக்குப் பசுக்களைக் கொண்டுபோகிறார்கள். (பிடித்த என்று லேசாக எழுதிவிட்டேன். அதற்கு முன்பே அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஒப்புக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்த மனமில்லை.) ராத்திரி பிறந்த கன்றால் பகல் முழுக்க நடக்க முடியாது. அதற்காக மந்தையும் நிற்காது. ஆகவே தினமும் காலையில் துப்பாக்கியோடு போவது ஹோஸ்கினின் வேலை.

அன்று ஈன்றிருந்தது ராணி. முன்னே நடக்கிற பசு அவள்தான். அவள் போனால் மற்றவை போகும், திரும்பினால் திரும்பும். கன்றை இழந்த பசு ஈன்ற இடத்தைத் தேடித் திரும்பும். அடுத்த ஆறு வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. ராணி திரும்பினால் மந்தையே தாகத்தில் போய்விடும்.

ஹோஸ்கின் துப்பாக்கியைத் தொடவில்லை.

"என்னால ஆகல பாஸ். அலுத்துப்போச்சு."

டெலனி ராணி நின்ற பக்கம் பார்த்தான்.

"சரி, இத மட்டும் வண்டியில போடு. அப்புறமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத."

3

வண்டி என்றால் சமையல்காரன் ஜோப்பின் குதிரை வண்டி. மாவு மூட்டையும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏற்றியது. இதுக்கும் சேர்த்து டீ போடணுமா என்று ஜோப் முனகினான்.

[முடிவு ஒன்று: வண்டிக்குப் பின்னால் ராணி, ராணிக்குப் பின்னால் மந்தை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஹோஸ்கின் சிரித்தான்.]

இதோடு நிறுத்திவிடத்தான் ஆசை. அடுப்பில் கறியைக் கிளறிவிட்டு வந்து படித்தேன். கன்று சும்மா இருக்குமா?*

* பசு குரல் கேட்டுத்தான் முதலில் ஓடிவரும். தன்னுடையது இல்லை என்பது முகர்ந்த பிறகுதான் தெரியும்.

கன்று கத்தியது. வழியில் கன்றை இழந்த பசுக்கள் எல்லாம் ஓடிவந்தன. மடியில் பால் கட்டி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து முகர்ந்தன, விலகின, மறுபடி கத்தியதும் மறுபடி வந்தன. குதிரைகள் மிரண்டன. ஒரு பீப்பாய் சரிந்து உடைந்தது. ஹோஸ்கினுக்கு ஒவ்வொரு பசுவையும் தெரிந்தது: கொம்பு முறிந்தவள், நெற்றியில் வெள்ளை விழுந்தவள். எல்லாம் அவன் கையால் கன்றைப் பறிகொடுத்தவை. வெயில் ஏறியது. மந்தை ஒரு அடி நகரவில்லை.

டெலனி திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அது கத்தாம இருந்தாப் போதும். வாசன இருந்தாலே ராணி வருவா. நீ செய்றியா, நான் செய்யட்டுமா?"

"நானே செய்றேன். உங்களுக்கு ஒரு குண்டுல முடியாது."

4

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.)

தோலை உரித்து வண்டியின் பின்கட்டையில் கட்டினான். ராணி அதை முகர்ந்தாள், நக்கினாள், வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தாள். மந்தை அவள் பின்னால் போனது. அந்த நடையை விரித்து எழுதலாம், எனக்குத் தெம்பில்லை. நடந்தார்கள், புழுதி தின்றார்கள், மறுபடி நடந்தார்கள். சில மாடுகள் விழுந்தன. மற்றவை ஆற்றுக்கு வந்து சேர்ந்தன.

5

எல்லாம் குடித்தன. ராணி மட்டும் குடிக்கவில்லை. வண்டியை ஆற்றுக்குள்ளேயே இறக்கிப் பார்த்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டும், காய்ந்து விறைத்த தோலையே நக்கினாள். (தாகத்துக்கு முன்னால் எந்த மாடும் இப்படி நிற்காது என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நானும் நம்பாமல்தான் எழுதினேன். அவள் நிற்கிறாள்.)

"அத அவுத்து எறி, குடிப்பா," என்றான் டெலனி.

"அவுத்தா வந்த வழியே ஓடிருவா பாஸ். பாதி வழியில செத்துக் கிடப்பா," என்றான் ஜோப்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஹோஸ்கின் முடிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் அவிழ்த்ததாக எழுதினேன், அடித்தேன். அவிழ்க்காததாக எழுதினேன், அதையும் அடித்தேன். இந்தக் கதையில் செய்யக் கூடாததையெல்லாம் அவனையே செய்யவைத்திருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவன் கையை முடிச்சிலிருந்து எடுத்துவிட்டேன். கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறான். அவனைக் கூப்பிடாதீர்கள். ராணியின் நாக்கில் ரத்தம் வருகிறது, அவளுக்கு அதிக நேரமில்லை. தண்ணீர் ஆழமில்லை. இறங்கி வாருங்கள், முடிச்சு உங்கள் பக்கம்தான் இருக்கிறது.