தோளில் விழுந்த வருகைப்பதிவு

ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஓசூர் மார்க்கெட்டில் ரோஜாக் கட்டு அறுபது ரூபாய்க்குப் போனது. அணைமேட்டுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைத் தலைவர் சுபாஷின் வலது கை ரேகைகள் காணாமல் போயின. ஐந்து விரலும் பீங்கான் தட்டுப்போல வழவழவென்றிருந்தன. வாசலில் இருந்த வருகைப்பதிவு எந்திரம் பெங்களூரில் வாங்கியது. தெரிந்த விரலுக்குக் கன்னடத்தில் நன்றி சொல்லும். அன்று சுபாஷின் கட்டைவிரலை ஏழு தடவை பார்த்துவிட்டு, இவரைத் தெரியாது என்று சிவப்பு விளக்கைக் காட்டியது.

ரேகைகள் எங்கும் தொலைந்துவிடவில்லை. ஆய்வக உதவியாளர் மாதேஸ்வரியின் வெள்ளைக் கோட்டில், இடது தோள்மீது, நீல நிறத்தில் ஐந்து விரலாகப் பதிந்திருந்தன. முந்தைய நாள் வேதிப்பொருள் அறையில் சுபாஷ் அங்கே கையை வைத்தார். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. அது மூன்றாவது முறை. முதல் முறையே அவள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தாள். விசாரணைக் குழு சாட்சி உண்டா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது. இப்போது கோட்டைத் துவைத்தாள், போகவில்லை. புதுக் கோட்டு வாங்கினாள். போட்ட ஐந்தாவது நிமிடம் அதிலும் விரல்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் காலை நெரிசலில் அவள் தோள் எந்திரத்தில் உரசியது. எந்திரம் நன்றி சொல்லி, திரையில் பேராசிரியர் சுபாஷின் பெயரையும் நேரத்தையும் காட்டியது. நாற்பது பேர் பார்த்தார்கள். சாட்சி கிடைத்துவிட்டது என்று மாதேஸ்வரி நினைத்தாள், பாவம். பதிவாளர் பெரியதம்பிக்கோ வேறொரு யோசனை வந்தது. தொடர்ந்து பத்து வேலைநாள் எந்திரத்தில் பதியாதவருக்கு வேலை போய்விடும் என்பது அங்கே விதி. ஆகவே, மாதேஸ்வரி தினமும் ஒன்பதேகால் மணிக்குத் தன் தோளைக் கொண்டுவந்து பேராசிரியரின் வருகையைப் பதிய வேண்டும் என்று மெமோ போட்டார். புகாரையும் திரும்பப் பெற வேண்டும்; இல்லாவிட்டால் மாதக் கடைசியில் முடிகிற அவளுடைய தற்காலிகப் பணி நீட்டிக்கப்படாது. ஊத்தங்கரையில் அவள் வீட்டில் நான்கு பேர் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டார்கள்.

"குடுத்துடாத மாதேசு," என்றாள் ஆய்வகத்தைப் பெருக்கும் காத்தூன். "இன்னிக்கி தோளக் கேக்குறானுங்க, நாளைக்கி என்னா கேப்பானுங்களோ."

மாதேஸ்வரி தினமும் வந்தாள். தன் கட்டைவிரலை வைத்தாள், தோளைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சுபாஷ் வாசலில் நின்று முதலில் முறைத்தார், பிறகு குழைந்தார், எட்டாம் நாள் அழுதேவிட்டார். சொல்லவே வேண்டும், அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் காலை பெரியதம்பி தானே எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடைசியா சொல்றேன். தோள வை."

"இது என் தோளுங்க சார். ஆபீஸ் சாமான் இல்ல. வேலைய வேணும்னா எடுத்துக்கோங்க, தோளத் தர மாட்டேன்."

அவளைப் பிடித்துத் தள்ளப் பெரியதம்பி கையை நீட்டினார். பாதி வழியில் அவர் பார்வை தன் விரல்கள்மேல் விழுந்தது. அவற்றில் ரேகைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பி, அந்தக் கையாலேயே அவளுடைய பணி நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார்.

சுபாஷ் பத்து நாள் வேலைக்கு வராத காரணத்தால் நீக்கப்பட்டார். நடத்தை பற்றிய விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பணியாளர் நடத்தை விதிகளில் ஒரு வரி சேர்ந்தது: அடுத்தவர்மேல் விட்டுவந்த ரேகைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அதே வாரம் வேறு துறைகளிலிருந்து நான்கு பேராசிரியர்கள் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசல் காவலாளி கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். எந்திரம் நால்வரையும் தெரியாது என்றது. வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் தங்கள் தோள்களைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள்.