ஒன்றரைக் குதிரை

எங்கள் கானோ நகரில், தையற்காரர் சகீர் வீட்டு ஏ.சி.யிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஐந்து வெள்ளைக் குதிரைகள் இறங்கின. ஏப்ரல் மாதம், நாற்பத்திரண்டு டிகிரி. குதிரைகள் வந்ததில் தப்பில்லை. இங்கே ஏ.சி.யை டன் கணக்கில் அல்ல, குதிரைத்திறன் பார்த்து, குதிரைக் கணக்கில்தான் வாங்குவோம்: படுக்கையறைக்கு ஒன்று, கூடத்துக்கு இரண்டு. பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்கு ஐந்து மாட்டியதுதான் கிறுக்குத்தனம்.

சகீருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. உடம்பெல்லாம் வேர்க்குரு, சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கவுமில்லை. விசிறி விசிறியே சகீரின் மனைவி ஹிந்தாத்துவுக்குக் கை வீங்கிவிட்டது. மெக்கானிக் சுனூசி வந்து அறையை அளந்தார், மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார், எத்தனை பேர் படுப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றரைக் குதிரை போதும் என்றார். ஆனால் சுனூசி ஸாரியா ஊர்க்காரர். கானோக்காரரும் ஸாரியாக்காரரும் சந்தித்தால் மாமன் மச்சான் மாதிரி கேலி பேசியே ஆகவேண்டும், பேசாவிட்டால்தான் கோபித்துக்கொள்வோம். சகீர் அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டார்.

"அரைக் குதிரையாம்ல! உங்க ஊர்ல குதிரைய வெட்டித்தான் கட்டுவீங்களோ?"

"நெசமாத்தான் சொல்றேன்யா. பெருசு மாட்டுனா சட்டுனு குளிரடிச்சு நின்னுரும், ஈரத்த இழுக்காது. பச்சப் புள்ளைக்கு ஆகாது."

"கானோக்காரனுக்கே கஞ்சத்தனம் சொல்லித் தர்றியா? அஞ்சு மாட்டுய்யா!"

ஐந்தும் சேர்ந்து மூச்சு விட்டதில் நாலே நிமிடத்தில் அறை உறைந்தது. பிறகு செய்ய வேலையில்லாமல் நின்றுவிட்டன. அவற்றின் தோலிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை ஊறியது. குழந்தையின் உதடு வெளிறிப்போக, ஹிந்தாத்து அள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

"உங்க பவுசக் காட்டவா நான் புள்ள பெத்தேன்? அந்த மனுசன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க!"

சகீர் போய், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஸாரியாக்காரரிடம், "நீ சொன்னதுதான்யா சரி" என்றார். சுனூசி பயந்துபோய், "ஒடம்புக்கு ஏதும் ஆயிருச்சா ஒனக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெரிய ஏ.சி.யைக் கழற்றி வண்டியில் ஏற்றியதும் ஐந்து குதிரைகளும் அதன் பின்னாலேயே கடைக்கு நடந்தன.

மறுநாள் ஒன்றரை மாட்டியபோது தெருவே ஜன்னலில் தொங்கியது. அரை என்றால் முன்பாதியா பின்பாதியா என்று ஒரே சண்டை. முதலில் ஒரு தாய்க் குதிரை இறங்கியது. அதன் வாலை உரசிக்கொண்டு, கால் தடுமாற, ஒரு குட்டி. அடேயப்பா, தெரு போட்ட கூச்சல்! எனக்கே தொண்டை கட்டிவிட்டது. குட்டி நேரே போய்க் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தது, மெதுவாக ஊதியது. குழந்தை வாயைத் திறந்து மார்பைத் தேடியது. வயிறு நிறையக் குடித்துவிட்டு அங்கேயே தூங்கியது. ஹிந்தாத்து சத்தம் போட்டு அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஏ.சி. வாங்குகிறவர்கள் கையோடு ஒரு கட்டு நிலக்கடலைக் கொடியும் வாங்கிப் போகிறார்கள். குட்டி இருந்தால் இளங்கொடியாகப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.