ஆள்காட்டி விரல்

மாமா செத்த அன்றைக்கே பெரியண்ணன் அவரை ஆலமரமாக்கிவிட்டான். "எங்கள் குடும்பத்தின் ஆலமரம் சாய்ந்தது" என்று போனில் குடும்பக் குரூப்பில் எழுதி, கீழே கைகூப்பும் பொம்மைகள் நாலைந்தைப் போட்டிருந்தான். படித்ததும் வந்த கோபத்தில் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மாமா ஒல்லிக்குச்சி. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தவரை அவர் இந்தக் குடும்பத்துக்குக் கறிவேப்பிலை. வாசனைக்கு வேண்டும், சாப்பிட உட்கார்ந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம்.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை, தெருக்கோடியில் ஒற்றை அறை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். கூப்பிடாத நாளில் என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்று கேட்ட ஆள் இல்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் பெயரே "மாமா, இதக் கொஞ்சம் புடிங்க" என்பதுதான். பை, குடை, அழுகிற குழந்தை, எல்லாம் அவர் கைக்குப் போகும். கடைசியில் மற்ற எல்லோரும் தலையைக் கோதிக்கொண்டு வரிசையாக நிற்போம். போனும் அவர் கைக்கே போகும்.

அவர் எடுக்கிற படத்தில் ஒரு கோளாறு உண்டு. எப்போதோ காயில் சுற்றும் மெஷினில் சிக்கி, இடதுகை ஆள்காட்டி விரல் விறைத்துப்போயிருந்தது. மடங்காது. எதைப் பிடித்தாலும் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். போனைப் பிடித்தால் நேராகப் போய் லென்ஸ் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவர் எடுத்த எல்லாப் படத்திலும் இடது மூலையில், வேகவைத்த கிழங்கு மாதிரி மங்கலாக ஒன்று பிதுங்கிக்கொண்டிருக்கும்.

"மாமா, விரலு" என்று கத்துவோம்.

"வந்துட்டானா? சொன்ன பேச்சே கேக்க மாட்டான்" என்று விரலைத் திட்டிவிட்டு மறுபடி எடுப்பார். மறுபடியும் விரல் வந்திருக்கும். பிள்ளைகள் அவருக்கு ஆள்காட்டி மாமா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் விரலை வெட்டிவிட்டுத்தான் படத்தை நாலு பேருக்குக் காட்டுவார்கள்.

நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் நானும் அம்மாவும். அம்மாவைக் கூடவே வைத்துக்கொள்ள அண்ணன்களுக்கும் கொள்ளை ஆசைதான். இடம்தான் பத்தவில்லையாம். பெரியண்ணன் வீட்டில் ஒரு அறையை யாரும் ஏறாத டிரெட்மில் பிடித்துக்கொண்டிருக்கிறது. சின்னண்ணன் வீட்டில் நாய்க்குத் தனி அறை. அதைப் பேச ஆரம்பித்தால் என் வாய்தான் கெட்டுப்போகும், விடுகிறேன்.

என் பிழைப்பில் பாதி, செத்தவர்களின் படம். ஒரு சாவு விழுந்தால் மறுநாளே குடும்பமாக வந்து கடை பெஞ்சில் உட்காருவார்கள். கையில் ஏதாவது ஒரு கல்யாணப் படம் இருக்கும். அதில் கிழவரோ கிழவியோ ஓரத்தில்தான் நிற்பார்கள். பாதித் தோள், ஒரு காது, குறுக்கே யாருடைய முழங்கையோ. அந்த ஓரத்தைக் கத்தரித்து, பெரிதாக்கி, இல்லாத தோளை ஒட்டவைத்து, பின்னால் நீல வானத்தைப் போட்டுக் கொடுப்பேன். "அப்பா எவ்ளோ கம்பீரம் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வேலை பார்ப்பேன். இப்போது அதே பெஞ்சில் என் அண்ணன்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"மாமா படம் நல்லதா ஒண்ணு வேணும்" என்றான் பெரியண்ணன். "ஹால் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழம நினைவுக் கூட்டம். நானே பேசறேன். மேடைல ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கணும்."

"எந்தப் படத்த வச்சு அடிக்கறது?"

"என்ன கேள்வி இது? நம்ம வீட்டு போட்டோ பூரா உங்கிட்டதான இருக்கு."

இருந்தது. யார் அனுப்பிய படத்தையும் நான் அழிப்பதில்லை, தொழில் பழக்கம். கம்ப்யூட்டரைத் திறந்து வருஷம் வருஷமாகத் தள்ளிக்கொண்டே போனேன். கல்யாணங்கள், பிறந்தநாள்கள், புதுவீடு, புதுக் கார். எல்லாவற்றிலும் நாங்கள் இருந்தோம். மாமா இல்லை. எடுத்தவர் எப்படி இருப்பார்? ஸ்டூடியோக்காரியின் மாமாவுக்கே படம் இல்லையா என்று கேட்பீர்கள். வாத்தியார் பிள்ளை மக்கு. கடைக்கு வந்தால் எனக்கு லைட்டைத் தூக்கிப் பிடிப்பார். உட்காருங்கள் என்றால், "என் மூஞ்சிக்கு உன் கேமரா ரிப்பேராயிடும்" என்று தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இதற்குள் அம்மா மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

"கெடைச்சுதா?"

"தேடறோம்மா" என்றான் சின்னண்ணன். "நீ ஏன் எறங்கி வர்ற?"

"கண்ண மூடினா அவன் விரலுதான் வருதுடா. மொகம் வர மாட்டேங்குது. மறந்துருமோன்னு பயமா இருக்கு. ஹாலு, மேடை எல்லாம் உங்க இஷ்டம். எனக்கு என் தம்பி மொகத்த ஒரு தடவ சரியாப் பாத்துக்கணும், அவ்ளோதான்."

அதன் பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை. தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது அடையாள அட்டை. அதில் அவர் போலீஸ் பிடித்து உட்காரவைத்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று அதையே ஸ்கேன் செய்தேன்.

"இப்டி மொறைச்சா எப்டி?" என்றான் பெரியண்ணன். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே சிரிக்க வைக்குதே. வை."

வைத்தேன். அதுவும் என் தொழில்தான். கன்னம் உப்பியது, கண்ணோரம் சுருங்கியது, உதடு விலகிப் பளிச்சென்று பல்வரிசை வந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டை மாட்டினேன். பெரியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா அப்படியே இருக்கார்" என்றான்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருடா இது?"

"மாமாம்மா."

"எம் தம்பிக்கு மேல் வரிசைல ஒரு பல்லு கெடையாதே."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆமா, ஆமா" என்றான் பெரியண்ணன். "ஒரு பல்லுதான, எடுத்துரலாம். எடுத்துரு."

"எந்தப் பக்கம்?" என்று அம்மா கேட்டாள்.

"இடது" என்றான் பெரியண்ணன். "வலதுன்னு நெனைக்கறேன்" என்றான் சின்னண்ணன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. எத்தனை நாள் எனக்கு லைட் பிடித்திருக்கிறார், எத்தனை தடவை சிரித்திருக்கிறார்.

அம்மா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"போட்டோ எடுக்கறப்ப சிரிங்க சிரிங்கன்னு சொல்லிட்டு மொதல்ல அவன்தான் சிரிப்பான். நடுப்பல்லுக்குப் பக்கத்துல ஓட்டை தெரியும். நீங்கல்லாம் போனப் பாத்துட்டு நின்னீங்க, உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய படங்களை மறுபடி திறந்தேன். ஒவ்வொன்றிலும் நாங்கள் எல்லோரும் லென்ஸைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அம்மா மட்டும் கொஞ்சம் மேலே பார்க்கிறாள். "கேமராவப் பாரும்மா" என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறோம். அவள் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மா திரையில் இடது மூலையைத் தொட்டாள்.

"இதோ இருக்கான். இதுலயும் இருக்கான். இந்தா, எல்லாத்துலயும் இருக்கானே. இல்ல இல்லன்னு தேடறீங்க."

அடுத்த படத்துக்குப் போகச் சொன்னாள், அதற்கடுத்த படத்துக்கும். ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் என்று யார் பெயர் வைத்தார்களோ, அந்த விரல் ஒன்றுதான் அந்த ஆளைக் காட்டிக்கொண்டிருந்தது. முகம் அதில் இல்லை. அவள் கேட்டது முகம்.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பெரியண்ணனுக்கும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் சொன்னான்: "இதுக்குத்தான் சொல்றேன். அம்மாவுக்காவது இப்பவே நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிரலாம். அப்பறம் இந்த மாதிரி அலைய வேணாம் பாரு."

அம்மா அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேஜை மேல் இருந்த கேமராவை எடுத்து அவன் மண்டையில் போடலாமா என்று இருந்தது. விலை உயர்ந்த கேமரா, அதனால் தப்பித்தான்.

"எடுக்கலாமே" என்றாள் அம்மா.

அவளே போய்ச் சுவர்க்கண்ணாடியில் தலை வாரினாள். படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த திரைச்சீலைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். பெரியண்ணன் கிட்டே போய், நிமிர்ந்து உட்கார், கழுத்தை இப்படி வை என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்த ஒரு வருஷத்தில் அவன் அம்மாவுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்க்கவில்லை.

"இத எங்கடா மாட்டுவ?" என்று அம்மா கேட்டாள்.

"என் வீட்லதாம்மா. நடு ஹால்ல, பெருசா. வர்றவங்க எல்லார் கண்ணுலயும் படற மாதிரி."

"உன் வீட்டுல எனக்கு எடம் இல்லன்னியே. செவுத்துல மட்டும் இருக்கா?"

பெரியண்ணன் ஸ்டூலை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். சின்னண்ணன் அவசரமாகப் போனை எடுத்து, அதில் ஏதோ பெரிய சமாச்சாரம் வந்தது போலப் பார்த்தான்.

"என்னம்மா இப்டிப் பேசற" என்றான் பெரியண்ணன்.

"கேட்டேன்டா. தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்." அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ எடும்மா. விரல வச்சு எடு."

எனக்குப் புரிந்தது. இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டி லென்ஸ் ஓரத்தில் வைத்தேன். "வந்துட்டானா?" என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டாள். லென்ஸைப் பார்க்கவில்லை, கொஞ்சம் மேலே பார்த்தாள். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முழுப் பல்லோடு மாமா ஆளுயரத்துக்கு நின்றார். பல்லை எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை, எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. பெரியண்ணன் நன்றாகப் பேசினான். ஆலமரம் இரண்டு தடவை வந்தது. உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருக்கிறார் என்று படத்தைப் பார்த்து எல்லோரும் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அம்மா வரவில்லை. "முன்னபின்ன தெரியாத ஆளு கூட்டத்துக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். ஹாலிலிருந்து எங்கள் மாடிக்கு நடக்கிற தூரம்தான். அண்ணன்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்று அவள் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை.

சாயங்காலம் குரூப்பில், நான் எடுத்து அனுப்பியிருந்த அம்மாவின் படம் வந்தது. பெரியண்ணன் போட்டிருந்தான். மேலே, "இருக்கும்போதே பெற்றவர்களைப் போற்றுவோம்" என்று எழுதியிருந்தான். அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள். 'உங்களைப் போல ஒரு மகன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்' என்று ஒருவர்.

காட்டு என்று அம்மா கை நீட்டினாள். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

விரலை வெட்டியிருந்தான். அது இருந்த பக்கம் முழுக்க நீளவாட்டில் கத்தரித்ததில் அம்மாவின் வலது தோளும் போயிருந்தது.

"தோளையும் சேத்து எடுத்துட்டானேம்மா" என்றேன்.

"என் தம்பி பக்கத்துல இருந்தேன்ல" என்றாள் அம்மா. "அதான்."