கையெழுத்துப் போடாத குடும்பம்

மார்கோலின் குடும்பத்தில் யாரும் இன்னொருவனுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டதில்லை. சோவியத் நாட்டின் கார்கிவ் நகரை விட்டுக் கிளம்பியபோது சுங்க அதிகாரிகள் அர்க்கடி நவூமோவிச்சின் பெட்டியிலிருந்து மனைவியின் வெள்ளிக் கரண்டிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த நல்ல பெயரைப் பிடுங்க முடியவில்லை. கலிபோர்னியாவுக்கு அவர் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

பெயரைச் சம்பாதித்தவர் அவருடைய தந்தை நவூம். ஸ்டாலின் சாவதற்கு முந்தைய குளிர்காலம். தொழிற்சாலையின் வரைபட அலுவலகத்தில் கூட்டம் போட்டு, குர்விச் என்ற பொறியாளரை எழுப்பி நிறுத்தினார்கள். அவரைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்கும் தாள் ஒன்று மேசை மேசையாக வந்தது. நேற்றுவரை குர்விச்சோடு ரொட்டியைப் பங்கிட்டுத் தின்றவர்கள் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். நவூமிடம் வந்தபோது அவர் பேனாவை வாங்கி, மூடியைத் திருகி மூடி, பக்கத்து ஆளிடம் நகர்த்திவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போயிற்று. இரண்டு குளிர்காலம் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளினார். குர்விச் சிறை முகாமிலிருந்து உயிரோடு திரும்பியதும் முதலில் படியேறிய வீடு அவர்களுடையது.

ஆகவே, மகள் ரிம்மா ஒரு மாலை அலுவலகத்திலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "அப்பா, பக்தியாரப் பத்தி எழுதித் தரச் சொல்றாங்க" என்றபோது, அர்க்கடி நவூமோவிச் எழுந்து போய், ஒட்டுக்கேட்கிறவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார்.

"தண்ணிய மூடுங்கப்பா. பில்லு யாரு கட்டறது?"

"பேசி முடிச்சதும் மூடறேன். யாரு எழுதச் சொன்னது?"

"எல்லாருக்கும் வர்றதுதான். வருஷத்துல ரெண்டு தடவ. கூட வேல செய்யறவங்களப் பத்தி நாங்களே எழுதணும். இந்தத் தடவ எனக்கு வந்த மூணு பேர்ல பக்தியாரும் ஒருத்தர்."

"எழுதறது அவனுக்குத் தெரியுமா?"

"யாரு எழுதினாங்கன்னு சொல்ல மாட்டாங்க."

"ஓஹோ," என்றார் அவர். அந்த 'ஓஹோ'வில் அவர் அங்கே வாழ்ந்த நாற்பது வருடம் இருந்தது.

பக்தியார் யுல்தாஷேவ் தாஷ்கண்டுக்காரன். ரிம்மாவின் பிரிவிலேயே வேலை. இரண்டு பேரும் ஒரே கழிவறைக் கதவுக்கு எதிரே, ஒரே நீள மேசையில் உட்காருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மனைவி நிகோரா சமைத்த புலாவைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வருவான். அர்க்கடி நவூமோவிச்சை, மரியாதைக்கு, தந்தை பெயரையும் சேர்த்து முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவர் உட்காராமல் அவன் உட்காரமாட்டான். வளர்த்த விதம் அப்படி. அவன் இந்த நாட்டில் தங்கியிருப்பதே அந்தக் கம்பெனி வாங்கித் தந்த அனுமதியில். வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

"அவன் என்ன பண்ணான்?" என்று கேட்டார்.

ரிம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை பெரிய கூட்டத்தில் தலைவர் மேடையேறி, புதுச் செயலியை இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் தயங்காமல் கேளுங்கள் என்றார். பக்தியார் கேட்டுவிட்டான். சோதனைக்காக நாமே திறந்துவைத்த கணக்குகளும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தியா என்று.

"தலைவர் என்ன சொன்னாரு?"

"அருமையான கேள்வின்னு சொன்னாரு."

"அருமையான கேள்வின்னா? அப்போ முடிஞ்சுது."

"அப்பா, நீங்க எதுக்கெடுத்தாலும்..."

"அதுக்கப்புறம் சாப்பாட்டு மேசையில அவன் பக்கத்துல யாரு உக்காந்தா?"

ரிம்மா கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கம்பெனியை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். குடும்பத்தார் வரலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். சுவரெல்லாம் பெரிய எழுத்தில் வாசகங்கள்: நாம் ஒரே குடும்பம், நாம் உலகை மாற்றுகிறோம். கூடத்தில் தலைவரின் படம், தூரத்தை நோக்கிய பார்வையோடு. விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமையும் வரலாம் என்று ஒரு பலகை. சனிக்கிழமை வராதவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று ரிம்மாவே சொன்னாள். சாப்பாடு இலவசம். ஆனால் பரிமாறுகிறவர்களின் கழுத்தில் வேறு நிற அட்டை. அந்த நிறம் போட்டவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கட்சிக்காரர்களுக்கென்று தனிக் கடை இருந்த ஊரில் வளர்ந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அங்க இருந்த எல்லாம் இங்கயும் இருக்கு, ரொட்டிக்கு வரிசைதான் இல்ல," என்றார் திரும்பி வரும்போது.

"இங்க யாரையும் சைபீரியாவுக்கு அனுப்பறதில்லப்பா."

"அங்கயும் முதல்ல இனிப்புதான் குடுத்தாங்க."

"பிடிக்கலன்னா நாளைக்கே வேற கம்பெனிக்குப் போயிடலாம். அங்க முடியுமா?"

"நீ போவ. பக்தியார் போவானா?"

அன்று அது விளையாட்டுப் பேச்சு. இப்போது அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்தியார் புலாவ் சட்டியோடு வந்தான். நிகோரா வரவில்லை, தலைவலியாம். அவன் உட்கார்ந்தான், கைபேசியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் முகம் மேலே பார்க்க வைத்தான், தேநீரை இரண்டு வாய் குடித்தான். பிறகு ரிம்மா பக்கம் திரும்பினான்.

"ரிம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். இந்த மதிப்பீடு விஷயமா..."

அர்க்கடி நவூமோவிச்சின் கண் கைபேசியில் நின்றது. இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்கு ஏன் தனியாக வந்தான்? சட்டைப் பையில் இருக்க வேண்டியது ஏன் மேசைமேல் படுத்திருக்கிறது? அவனையே அனுப்பியிருப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாமலே அந்தச் சனியன் கேட்டுக்கொண்டிருந்தால்? நாளைக்கு, ரிம்மா வாக்குக் கொடுத்தாள், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று வந்தால்? அவர் கைபேசியை எடுத்தார். மரியாதையாக, இரண்டு கையாலும். கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டிக்குள், முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்.

"சாப்பிடற இடத்துல ஆபீஸ் பேச்சு வேண்டாம், தம்பி. நிகோராவுக்குத் தலவலிக்கு மாத்திர குடுத்தியா?"

பக்தியார் மூடிய குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தான். பிறகு ரிம்மாவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் தர்பூசணி விலையைப் பற்றிப் பேசினான், மகனின் பல்லைப் பற்றிப் பேசினான், சீக்கிரமே எழுந்து போனான். வாசலில் கைபேசியை வாங்கிக்கொண்டபோது, "சில்லுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

கதவு சாத்தியதும் ரிம்மா திரும்பினாள். "அவர் போன் எப்பவும் அப்படித்தான் வைப்பாரு."

"வைக்கிறவங்க எப்பவும் அப்படித்தான் வைப்பாங்க."

"அவர் நம்ம பக்தியார்."

"குர்விச்சப் பத்தி முதல்ல எழுதிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற? அவரோட சொந்த மச்சான். என்ன எழுதப் போற?"

"நல்லாத்தான் எழுதுவேன். அவர் நல்ல வேலக்காரர்."

"நல்லது எழுத மட்டுமா இடம் விட்டிருக்காங்க?"

ரிம்மா தயங்கினாள். "அவர் இன்னும் எதுல வளரணும்னும் ஒரு கட்டம் இருக்கு. அத நிரப்பாம அனுப்ப முடியாது."

"பாத்தியா? அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் மத்த கட்டமெல்லாம். நீ பத்து நல்லது எழுது, ஒரு குறை எழுது. பத்தையும் தூக்கிப் போட்டுட்டு அந்த ஒண்ண எடுத்து அவன் கழுத்துல மாட்டுவாங்க. கீழ உன் பேரு இருக்கும். மார்கோலின் எழுதினதுன்னு."

"அதுக்கு?"

"எழுதாத. உன் தாத்தா பேனாவ மூடி வெச்சாரு. நீயும் மூடி வை."

ரிம்மா அப்பாவின் சொல்லுக்கெல்லாம் தலையாட்டுகிறவள் அல்ல. நாற்பத்தொரு வயது, சொந்தச் சம்பாத்தியம், அவருடைய சந்தேகங்களைக் கேட்டுச் சிரித்தே வளர்ந்தவள். ஆனால் அந்த வாரம் அலுவலகத்தில் பக்தியாரின் மேசைக்குப் பக்கத்தில் பேச்சு நின்று நின்று தொடங்கியதை அவளும் கவனித்திருந்தாள். மேலாளர் டிலன், எப்போதும் கம்பெனி பெயர் போட்ட கையில்லாச் சட்டையோடு திரிகிற இளைஞன், அவளைத் தனியே கூப்பிட்டு, "பக்தியாரைப் பத்தி உன் கருத்து இன்னும் வரல, கட்டாயமெல்லாம் இல்ல" என்றான். அடுத்த நாளும் கட்டாயம் இல்லை என்றான். மூன்றாவது முறை அதையே கணினி அனுப்பியது.

அர்க்கடி நவூமோவிச்சுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கட்டாயமில்லை என்று மேலிடம் திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்குப் பொருள் ஒன்றுதான். "அவனுங்களுக்கு உன் கையெழுத்துதான் வேணும். இல்லன்னா இவ்ளோ கெஞ்சுவாங்களா?" என்றார். ரிம்மா எழுதவில்லை. கடைசி நாள் கடந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் கொஞ்சம் வோட்கா ஊற்றிக்கொண்டார். தந்தையின் பெயரைச் சொல்லி அருந்தினார். பல வருடங்களுக்குப் பிறகு மகளைப் பார்த்து முதுகு நிமிர்ந்தது.

அடுத்த வாரம் ஒரு மதியம் ரிம்மா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் வந்தாள். பக்தியாரின் பெயர் காலையில் கம்பெனியின் ஊழியர் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தது. குழுப் படத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அவன் நின்ற இடத்தில் ஒரு தொட்டிச்செடி முழுசாகத் தெரிந்தது. புதிய பயணத்துக்கு வாழ்த்துகள் என்று டிலன் எல்லோருக்கும் எழுதியிருந்தான்.

"நான் சொன்னேன்ல," என்றார் அர்க்கடி நவூமோவிச். "ஆனா உன் கை அதுல இல்ல."

"என் கைதான்ப்பா இருக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"டிலன்கிட்ட போய்க் கேட்டேன். ஏன்னு. அவன் சொல்றான், தூரத்துல இருக்கறவங்க நாலு பேர் நல்லா எழுதல, அத நாங்க பெருசா எடுத்துக்கல. பக்கத்துலயே உக்காந்திருக்கிற நீ என்ன சொல்றேன்னுதான் காத்திருந்தோம். மூணு தடவ கேட்டோம். நீ ஒண்ணும் சொல்லல. இவ்ளோ நெருக்கமானவளுக்கே சொல்ல நல்லது ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்கிட்டோம், அப்படிங்கறான்."

அவர் குழாயைத் திறக்கவில்லை. 

"பொய் சொல்றான்," என்றார் கடைசியில். "முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க. பழிய உன் தலையில வெக்கறதுக்காகச் சொல்றான்."

"இருக்கலாம்."

"அப்போ?"

"இல்லாமலும் இருக்கலாம். எனக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல. தாத்தா சும்மா இருந்தாரு, அது எல்லாருக்கும் புரிஞ்சுது. எதுக்குச் சும்மா இருக்காருன்னு அந்தக் கூடத்துல இருந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். நான் சும்மா இருந்தது யாருக்குப் புரிஞ்சுது?"

  

மறுநாள் மாலை பக்தியார் வந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். நிகோரா சுட்ட ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். உட்காரச் சொன்னார்கள், அர்க்கடி நவூமோவிச் உட்காரும்வரை நின்றான்.

"நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் ரிம்மாவிடம். "அங்க அத்தன பேர்ல நீ மட்டுமாவது எனக்காக எழுதியிருப்பேன்னு எனக்குத் தெரியும். நிகோராகிட்டயும் சொன்னேன். அவ அழுதா. ஒருத்தராவது இருக்காங்களேன்னு."

 ரிம்மா தந்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

தலையை அசைத்திருந்தால் போதும். மார்கோலின் என்ற பெயர் தாஷ்கண்டுவரை நல்ல பெயராகப் போயிருக்கும். யாரும் சரிபார்க்க முடியாது. யார் என்ன எழுதினார்கள் என்று அந்தக் கம்பெனி யாருக்கும் சொல்லாது. இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு திருமணத்துக்குப் போகிறவனைப் போல அந்தப் பெயரை அணிந்துகொண்டு மிச்சக் காலத்தை ஓட்டலாம். அர்க்கடி நவூமோவிச் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ எழுதல, பக்தியார். நல்லதும் எழுதல, கெட்டதும் எழுதல. எழுதாதன்னு சொன்னது நான். எழுதினா அத உனக்கு எதிரா திருப்புவாங்கன்னு நெனச்சேன். எழுதாததத்தான் திருப்பியிருக்காங்க. அவமேல தப்பு இல்ல. இந்த வீட்டுல தப்பு பண்ணது நான்."

 பக்தியார் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் மெதுவாகத் தட்டில் வைத்தான். அவன் கண் ஒருமுறை அறையைச் சுற்றிவந்தது. புத்தக அலமாரி, சுவர்க் கடிகாரம், மூலையில் ரிம்மாவின் திறந்திருந்த கணினி. கணினியில் கொஞ்சம் நின்றது.

"அர்க்கடி நவூமோவிச், தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் மிக மரியாதையாக. "இத என்கிட்ட சொல்லச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நானேதான் சொல்றேன்."

"சரிங்க."

"பக்தியார், இந்த வயசுல நான் பொய் சொல்லுவேனா?"

"இல்லீங்க. நான் அப்படிச் சொல்லல." அவன் எழுந்துவிட்டான். "நான் கம்பெனி மேல வழக்குப் போட வக்கீல் யாரையாவது வெச்சா, இந்த வீட்டுல யாரும் எனக்கு எதிரா எழுதலன்னு இருக்கணும். அதுக்காக நீங்க இப்படிச் சொல்லலாம். இல்ல, நீங்க சொல்றது நெசமாவும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் படியிறங்கிப் போனான். ரிம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் அவன் பின்னால் ஓடினாள்.

அர்க்கடி நவூமோவிச் ஜன்னலுக்குப் போனார். கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், மகள் பக்தியாரின் காருக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கைகளை விரித்து, மார்பில் வைத்து, மறுபடி விரித்துப் பேசினாள். தன் பெயர் போட்டு, யாருக்கு வேண்டுமானாலும், எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் அவனைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்கிறாளா? அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? பக்தியார் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா என்று மேலிருந்து தெரியவில்லை. அவர் ஜன்னலைச் சத்தமில்லாமல் கொஞ்சம் திறந்தார். நெடுஞ்சாலையின் இரைச்சல்தான் உள்ளே வந்தது.

பக்தியார் தலை நிமிர்ந்தான். ஜன்னலில் கிழவரைப் பார்த்தான். ரிம்மாவிடம் ஏதோ சொன்னான். அவளும் திரும்பி மேலே பார்த்தாள்.

இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். பேச்சு வெளியே கேட்காதபடி கண்ணாடிகள் மேலேறின. கார் கிளம்பவில்லை.