காருக்கு ஆகாத மூச்சு

"வண்டி வெயில்ல நிக்குமா?" என்று அண்ணன் கேட்டான்.

"நிக்காது சார். ஷெட் இருக்கு," என்றார் காரை வாங்க வந்த பல் டாக்டர்.

"யார் துடைப்பாங்க?"

"நான்தான்."

"எந்தத் துணியால?"

கதவோரம் நின்று தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்குமுன் கார் கேட்டு வந்து திரும்பிப் போன நாலு பேரிடமும் இதே விசாரணைதான்.

கார் போருக்கு முந்தியது, முப்பத்தெட்டாம் வருஷத்து அமெரிக்க மாடல். கூரையை மடக்கிவிடலாம். ஒரு கீறல் கிடையாது, சீட்டுத் தோல்கூட பழையதேதான். அண்ணன் அதைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வந்தான். அதன் அறையில் ஈரத்தை உறிஞ்சும் மிஷின் நாள் முழுக்க ஓடும். சுவரில் ஈரத்தை அளக்க ஒரு மீட்டர்.

தங்கையும் அவள் எட்டு வயது மகளும் படுப்பது பின்கட்டு ஸ்டோர் ரூமில். அங்கே சுவர் வேர்த்து, மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. புருஷனை விட்டு அவள் வந்த அன்றே அண்ணன் சொல்லியிருந்தான்: "கார் போனதும் அந்த ரூம் உனக்குத்தாம்மா." இரண்டு வருஷம் ஆகிறது.

"பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி விசாரிக்கறீங்களே சார்," என்று சிரித்தார் பல் டாக்டர்.

அவளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளையிடம் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. எந்தத் தேதி தோதுப்படும் என்று.

"ஷெட்டுக்கு என்ன கூரை?"

"தகரம்."

"வேண்டாம் சார். உள்ள வேர்த்துடும்."

அவர் போனதும் அவள் கேட்டாள். "வண்டி பாட்டுக்கு இருக்கட்டும்ணா. நாங்க சுவரோரமா படுத்துக்கறோம்."

"ரெண்டு பேர் ராத்திரி பூரா மூச்சு விட்டா எவ்வளவு ஈரம் ஏறும்? நீ சயன்ஸ் படிச்சவதானே."

அவளுக்குத் தெரியும். அவனும் அதைக் கணக்குப் போட்டு வைத்திருப்பான் என்பதுதான் தெரியாது.

சாயங்காலம் மெத்தையை அந்த அறைக்குள் இழுத்துப் போட்டாள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, துவைத்த துணியைப் பிழியாமல் காயப் போட்டாள். மகள் முன் சக்கரத்தில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

அண்ணன் வந்து மீட்டரைப் பார்த்தான். குழந்தையைப் பார்க்கவில்லை.

"வெளிய போம்மா."

"மாட்டேண்ணா."

"சீட்டுத் தோல் பூத்துடும்மா." அவன் குரல் உடைந்தது. புகுந்த வீட்டில் வாங்கிய அடியைப் பற்றி அவள் போனில் அழுதபோது அது உடையவில்லை. 'கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்று தெளிவாகத்தான் வந்தது.

அங்கேயே நின்று பல் டாக்டருக்குப் போன் போட்டான். "தகரமா இருந்தா என்ன சார், மனசுதான் முக்கியம். காலையிலயே எடுத்துக்குங்க."

மறுநாள் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றான். பிறகு காலி அறைக்கு வந்து, அது நின்ற இடத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தினான்.

கேட்டது கிடைத்துவிட்டது. தரையைக் கழுவக் கொண்டுவந்த வாளியைத் தூக்கினாள்.

"தள்ளி நில்லுண்ணா," என்றாள். அவன் நகருமுன்பே தண்ணீரை ஊற்றினாள்.